கடலில் நான், கொடியோடு அவர்

நான் திமிங்கிலத்தோடு நீந்திவிட்டு வந்திருக்கிறேன். சும்மா இல்லை, கூன்முதுகுத் திமிங்கிலம், தாயும் குட்டியுமாக. ஆனால் பாரிஸில் ரூ காய் தெருவில் உள்ள எங்கள் சேலைக் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறார்களா? என் மகள் அக்‌ஷரா போட்ட வீடியோவில் அவளுடைய அப்பா பாய்மரப் படகில் என் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். லா ஷப்பல் தமிழ்ச் சனம் முழுக்க அதைத்தான் பார்த்திருக்கிறது.

நேற்றும் புனிதவதியக்கா ஒரு கூறைச் சேலையை விரித்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையாக் கழட்டினனீரோ, தாட்சாயினி?"

"ஓம் அக்கா, கழட்டினன்."

"ஐயோ, என்ன பிள்ளை நீர்!"

அவர் அதிர்ந்ததில் நியாயம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் என் கணவர் அரியரத்தினத்துக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. அன்றிலிருந்து நான் கொடியைக் கழற்றியதே இல்லை. மெத்ரோ ரயிலில் திருடன் பயம் என்று புல்லோவருக்குள் ஒளித்துக் கையால் பொத்திக்கொண்டு போவேன். கழற்றினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நானே கண்டுபிடித்தது. அதனால்தான் என்னை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

என்னுடைய மற்றப் பைத்தியம் திமிங்கிலம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் அதைத்தான் பார்ப்பேன். இதற்காகவே லா கூர்னெவ் நீச்சல் குளத்தில், ஐம்பது வயதில், வாண்டுகளோடு வாண்டாக நீந்தப் பழகினேன். கொடியை நீச்சல் உடுப்புக்குள் செருகிக்கொண்டுதான். என் ஆசையைப் பார்த்து அக்‌ஷரா எங்கள் இரண்டு பேரையும் தாகித்தித் தீவுப் பக்கம் பாய்மரப் படகில் கூட்டிப்போனாள். அவளைப் பெற்றதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

ஒரு காலையில் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் புஸ்ஸென்று பீறிட்டது. முகக் கண்ணாடி, மூச்சுக்குழாய், துடுப்புச் செருப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு பாய்ந்து வந்தேன். படகோட்டி மாக்சிமின் கண் நேராக என் கழுத்துக்குப் போனது.

"மதாம், அதைக் கழற்றுங்கள். ஏணியில் கொழுவினால் கழுத்துக்கு ஆபத்து."

"முடியாது" என்றேன்.

"அப்படியென்றால் இறங்க முடியாது."

அங்கே திமிங்கிலம், இங்கே நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடல் ஆட்டத்தில் சத்தி எடுத்துக் களைத்து ஒரு மூலையில் கிடந்த அரியரத்தினம் தள்ளாடி எழும்பி வந்தார்.

"இஞ்சை தாரும், நான் போட்டிருக்கிறன். நானும் கொடியும் ஒண்டாத்தானே நிக்கப்போறம். பிறகென்ன பயம்?"

கழற்றி, அவருடைய மிதவைச் சட்டைக்கு மேல் போட்டுவிட்டேன். அக்‌ஷரா சிரித்துச் சிரித்துப் படகிலேயே குந்திவிட்டாள். "அலே, மமோ! குதியுங்கோ அம்மா!" என்று கத்தினாள். நான் குதித்தேன்.

குதித்தும் என்ன? நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கினேன்.

"இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன், இருக்கிறன்! நீர் கீழை பாரும்!" கொடியைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

கீழே பார்த்தேன். கடலின் அடி என்று நான் நினைத்தது மெல்ல மேலே வந்தது. அதன் முதுகிலிருந்து குட்டி வழுக்கி இறங்கி, வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டு, என்னைத் தலைகீழாகப் பார்த்தது. குட்டியாம் குட்டி, எங்கள் கடையை விடப் பெரிது! தாய் ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள், சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி. "அம்மாடி, அம்மாடி!" என்று குழாய்க்குள்ளேயே கத்தினேன். அது வாத்துச் சத்தமாக வெளியே போனது. சந்தோஷத்தில் எனக்குக் கால் எது, துடுப்பு எது என்று தெரியவில்லை. அவரை மறந்தே போனேன்.

நினைவு வந்ததும் தலையைத் தூக்கினேன். படகிலிருந்து சத்தமே இல்லை.

மூச்சிரைக்க நீந்திப் போய் ஏணியைப் பிடித்தேன். அரியரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நான் செய்வது போலவே, தாலியை இரண்டு கண்ணிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். "முருகா, அவவைக் காப்பாத்து" என்று வாய் முணுமுணுத்தது.

"என்னப்பா!"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நேரமாத் தலையைத் தூக்கேல்லை நீர்! நான் செத்துப்போனன், தெரியுமோ?"

"மூண்டு வருஷமா எனக்கும் உப்பிடித்தான்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை. அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

"சரி, கொடியைத் தாங்கோ. நான் ஏறுறன்."

அவர் கொடியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இப்ப தரேலாது. அங்கை பாரும், குட்டி திரும்பி வருகுது. போயிட்டு அவசரப்படாம ஆறுதலா வாரும்."

நான் ஏணியை விட்டுவிட்டேன்.