திருப்புதல்: ஒரு மணி நேரம்

டுடோரியல் வாசலில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு பேனர் நிற்கிறது. அதில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து ஈயென்று சிரிக்கும் பெண்ணுக்குப் பதினேழு வயது. அதே பெண் இப்போது இருபத்திரண்டு வயதில் தினமும் அந்தப் பேனரின் கீழ் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வேலைக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு அவள் ராங்க் அக்கா. அவள் எடுக்கும் வகுப்புக்குப் பெயர் 'சிந்தித்துப் படிப்பது எப்படி'.

பெயரில் இருக்கும் சிந்தனை வகுப்பில் கிடையாது. டுடோரியலின் டைரக்டர் கொடுத்த ஒரு தாளை விளக்கிவிட்டு வந்தால் போதும். 'முதலிடம் பிடித்தவரின் ஒரு நாள்' என்று அதற்குத் தலைப்பு. பள்ளி ஏழு மணி நேரம், டுடோரியல் மூன்று, கணக்கு மூன்று, இயற்பியல் இரண்டு, வேதியியல் இரண்டு, மொழிப்பாடம் ஒன்று, தூக்கம் ஐந்து, குளியலும் சாப்பாடும் பயணமும் சேர்த்து ஒன்று, கடைசியாகத் திருப்புதல் ஒன்று. கீழே அவள் கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதுதான், எழுதியது டைரக்டர். ரிசல்ட் வந்த அன்று அவர் நீட்டினார், அவள் போட்டாள். அன்றைக்கு யார் எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பாள். உண்மையில் அவள் படித்த விதமே வேறு. எட்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, 'இது ஏன் இப்படி? வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும்?' என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் வராவிட்டால் மட்டும் மறுபடி திறப்பாள். நன்றாகத் தூங்கி, நாலு கேள்வி கேட்டு முதலிடம் வாங்கினேன் என்று சொன்னால் யார் பேனர் வைப்பார்கள்?

இந்த வருஷம் அவள் தங்கை அதே டுடோரியலில் சேர்ந்தாள். அக்காவின் முகத்துக்காகச் சிறப்பு வகுப்பிலேயே இடம் கிடைத்தது. பூரித்துப்போன அம்மா அந்தத் தாளை லேமினேட் செய்து சின்னவளின் மேசைக்கு நேரே சுவரில் ஒட்டினாள். பிடித்தது சனி.

சின்னவள் சொன்ன பேச்சைத் தட்டாதவள். ஒவ்வொரு வரிக்கும் நேரம் பார்த்துப் படித்து, நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். தினமும் எட்டு டிக் விழும். ஒன்பதாவது, திருப்புதல், காலியாகவே கிடக்கும். தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டினாள், தூக்கத்துக்கு டிக் போட முடியவில்லை. சாப்பிடாமல் ஓடிப் பார்த்தாள், அப்போதும் போதவில்லை. இரண்டு மாதத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்ததுதான் மிச்சம்.

போன திங்கட்கிழமை புது வகுப்புக்காக ராங்க் அக்கா அந்தத் தாளை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் மெதுவாகத் துப்பிக்கொண்டிருக்க, கை சும்மா இருக்க முடியாமல் எண்களைக் கூட்டினாள். இருபத்தைந்து வந்தது. விரல் விட்டு மறுபடி கூட்டினாள். அதே இருபத்தைந்து. ஐந்து வருஷமாக எத்தனை பிள்ளைகள் இல்லாத ஒரு மணி நேரத்தைத் தேடி அலைந்து, தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்களோ.

டைரக்டரிடம் ஓடினாள். அவர் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அஞ்சு வருஷமா யாரும் கூட்டிப் பாக்கலம்மா. நீயும் கூட்டிப் பாக்கலன்னு நெனச்சுக்கோ."

பிறகு மிக அன்பாக மற்றதையும் சொன்னார். தாள் பொய் என்றால் முதலிடமும் பொய் என்றுதான் ஊர் பேசும், கையெழுத்து அவளுடையது. சின்னவளுக்குச் சிறப்பு வகுப்பில் இடம் கொடுத்திருப்பதையும் அவள் மறந்துவிடக் கூடாது. ராங்க் அக்கா நகல்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பேனர் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை தலை வாரிக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"அக்கா, அந்த ஒரு மணி நேரம் எனக்கு மட்டும் ஏன் கெடைக்க மாட்டேங்குது?"

அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். ராங்க் அக்கா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். "பழகிடும்," என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பதுபோல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் டுடோரியல் படிக்கட்டில் சின்னவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "மணி என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். அதைக் கேட்டபின் ராங்க் அக்காவால் பொறுக்க முடியவில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று அன்றே சின்னவளின் சிறப்பு வகுப்புக்குள் நுழைந்தாள். நாற்பது பிள்ளைகள், ஆணியடித்து மூடிய ஜன்னல்கள், கண்ணாடிக் கதவு. வெளியே டைரக்டர் நடைபோட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஒன்பது எண்களையும் பலகையில் எழுதி, கூட்டச் சொன்னாள். எல்லாரும் கூட்டினார்கள். "இருபத்தஞ்சு," என்று ஒரு குரல் வந்தது, அப்புறம் பல குரல்கள். அவ்வளவுதான், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது, இனி அவர்களே பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தாள். முதல் வரிசைப் பெண் ஒருத்தி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

"அந்த இருபத்தஞ்சாவது மணி நேரத்த நீங்க எப்படிக்கா கொண்டு வந்தீங்க?"

நாற்பது முகங்களும் அந்த ரகசியத்துக்காக அவளையே பார்த்தன. மூன்றாவது வரிசையில் இருந்த சின்னவளும் அப்படித்தான் பார்த்தாள். தப்பை இவ்வளவு பெரிதாகப் பலகையில் எழுதிக் காட்டியும் யாருக்கும் தாள் மேல் சந்தேகம் வரவில்லை.

"இது நான் எழுதுனதில்ல," என்றாள். "இப்படி நான் ஒரு நாள்கூடப் படிச்சதில்ல. இது பொய்."

முப்பத்தொன்பது தலைகள் குனிந்து அதை எழுதிக்கொண்டன. சிலர் அடிக்கோடும் போட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் எட்டிப் பார்த்தார். வகுப்பு மும்முரமாக எழுதுவதைக் கண்டு திருப்தியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

சின்னவள் மட்டும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நேத்து கேட்டேனே. அப்ப ஏன் பழகிடும்னு சொன்ன?"

ராங்க் அக்கா பலகையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"பயமா இருந்துச்சு," என்றாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"நான் மண்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா," என்றாள். "தெனமும்."

இந்த முறை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.