தொடக்கம் காணவில்லை

சுவரில் தொங்கவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் நியூசிலாந்து தலைகீழாக விழுந்தது.

"என்ன சிறி, உலகம் கவிண்டு போச்சு?" என்று கதிர்காமநாதன் சிரிக்க, சிறிதரன் ஸ்லைடை உருவித் திருப்பிச் செருகினான். ஞாயிறு பின்னேரம். ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டின் முன்னறையில் திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருக்க, விருந்தாளிகளான கதிர்காமநாதனும் அவர் மனைவி ரஞ்சினியும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நிறைமாத வயிற்றோடு சந்திரவதனா சாய்வுக் கதிரையில் இருந்தாள். அலுமாரிக்கு மேல் இரண்டு வருடம் தூசு பிடித்துக் கிடந்த ப்ரொஜெக்டரை இறக்கச் சொன்னதும் அவள்தான்.

வேலை விஷயமாக ஒருமுறை நியூசிலாந்து போன அவள் கணவன் சிறிதரன், கொதிநீர் ஊற்று ஒன்று நிலத்திலிருந்து பனையளவுக்குப் பீறிடுவதைக் கண்டு சொக்கிப்போனான். அதன்பிறகு வருடாவருடம் லீவு போட்டுவிட்டு அங்கே போய், மடக்குக் கதிரையை விரித்துக் குந்திவிடுவான். எப்போது பொங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, அடுத்தது எப்போது என்று எழுதுவான். சம்பளமில்லாத உத்தியோகம் என்று அவள் கேலி செய்வாள். அப்படி எழுதுகிறவர்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. போய்ச் சேரும்போதே ஊற்று பொங்கிக்கொண்டிருந்தால் நேரத்தை ஊகித்து எழுதக் கூடாது. 'தொடக்கம் காணவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

முதல் பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதும் அவன் அந்த ஊற்றடியில்தான் இருந்தான். போய்வரச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். வலி வந்தபோது வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி காரில் ஏற்றிக்கொண்டு ஓடியபோது நேரம் பிந்திவிட்டது. வலி எப்போது தொடங்கியது என்று தாதி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்பிள்ளை. அழவேயில்லை. சிறிதரன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒருவரையொருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லிச் சண்டை போட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

ஊற்றின் பேச்சையே அவன் விட்டுவிட்டான். இந்தமுறை அவளைக் காவல் காத்தான். இருமினாலும் "என்ன, நோகுதே?" என்று குசினியிலிருந்து ஓடிவந்தான். அந்தப் பயந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான், ஆட்கள் வந்த சாட்டில் படம் போடச் சொன்னாள்.

"இதைப் பாருங்கோ அண்ணை. வாய் விளிம்பில தண்ணி மெல்லத் ததும்புது. இதுதான் தொடக்கம். அசந்தால் போச்சு."

அப்போதுதான் அவளுக்கு அடிமுதுகில் பிடித்து, வயிற்றைச் சுற்றி இறுகியது. மூச்சை அடக்கிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிமேல் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் அவன் முகம், கல்யாணமான புதிதில் இருந்த முகம். எழும்பச் சொல்ல வாய் வரவில்லை. பயமாகவும் இருந்தது. அந்த நீர் ஒருதரம் மேலே எழும்பட்டும் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள். சில ஸ்லைடுகள் கழித்து வெள்ளை நீர் விரிப்பின் உச்சிவரை எழும்பியது. ரஞ்சினி "ஐயோ, என்ன வடிவு!" என்றாள். இரண்டாவது வலி வந்தது.

"இஞ்சாருங்கோ, லைட்டைப் போடுங்கோ."

கதிர்காமநாதன்தான் காரை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கரக் கட்டிலில் ஏற்றியதும் தாதி அதே கேள்வியைக் கேட்டாள். வலி எப்போது தொடங்கியது? சிறிதரன் அவள் பக்கம் திரும்பினான். கண்கள் நிறைந்துவிட்டன.

"பக்கத்திலதான் இருந்தனான் வதனா. இந்த முறையும் நான் காணேல்லை."

"நான் கண்டனான்," என்றாள் அவள். தாதியிடம் திரும்பி, மூன்றே முக்கால் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். பிறகு அவனிடம், "நீங்கள் தண்ணி ததும்புற படம் போடேக்க," என்றாள்.

கணவன்மார் வெளியே நிற்க வேண்டும் என்று தாதி கதவைத் தள்ளினாள். அவன் அவசரமாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் மாட்டிவிட்டான். "இனி நேரத்தை நீர்தான் பார்க்க வேணும்" என்றான்.

கட்டில் உள்ளே நகர்ந்தது. கையை உயர்த்தியபோது, பெரிய கடிகாரம் முழங்கைவரை வழுக்கி இறங்கியது. அதை இழுத்து மணிக்கட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கையின் சூடு வார்ப்பட்டியில் இன்னும் இருந்தது. அடிமுதுகு மெல்ல இறுகத் தொடங்க, சந்திரவதனா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.