அருள்மேரியின் வலது கண்

பாம்பன் தெற்குவாடி அருள்மேரியின் இடது கண் அந்தந்த வருடத்தின் சிறந்த நடிகருக்கும், வலது கண் சிறந்த நடிகைக்கும் மட்டுமே அழும். வேறு எதற்கும் அழாது. துணை நடிகர் என்றால் மூக்கு லேசாக உறிஞ்சும், வில்லன் என்றால் விக்கல். கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டே மகள் ஜெர்லினின் போனில் படம் பார்ப்பாள். கண்ணில் நீர் வந்ததும் திரையில் யார் முகம் இருக்கிறது என்று ஜெர்லின் பார்த்துச் சொல்வாள். சென்னையில் நடக்கும் விருது விழாவில் அந்த ஆளைத்தான் மேடைக்குக் கூப்பிடுவார்கள். முதல் வருடம், ஒரே வாரம் ஓடிய படத்தில் இஸ்திரிக்காரனாக வந்த ஒருவருக்கு இடது கண் ஒழுகியபோது ஊரே சிரித்தது. அவர் வேட்டி தடுக்க மேடையேறியதை டிவியில் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை. நண்டுக் கம்பெனி நுஃமான் அன்றிலிருந்து தன் கடைப் பலகையில் நண்டு விலைக்குக் கீழே அந்தப் பெயர்களையும் சாக்பீஸால் எழுதி வைத்தார். நண்டு விலையைத்தான் அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருந்தது.

கச்சான் காற்று ஓங்கிய ஓர் ஆடி மாதத்தில் அவள் கணவர் இன்னாசியின் வள்ளம் குருசடைத் தீவுக்கு வெளியே கவிழ்ந்தது. கூடப் போன சகாயவினோத் ஒரு காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் நாள் கரை சேர்ந்தான். இன்னாசி தன் பிடியிலிருந்து நழுவி மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். கரையில் முதலில் எதிர்ப்பட்ட அருள்மேரியிடம் அதைச் சொன்னான். அவள் மணலில் உட்கார்ந்தாள். பிறகு, "ஜெர்லின்ட்ட சொல்லிறாத. பரீட்சை முடியட்டும்" என்றாள். அவன் ஊரில் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜெர்லின் அப்போது நர்சிங் கடைசி வருடம். அய்யா இன்னாசி மீது உயிரையே வைத்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் கிறிஸ்துமஸ் வந்தது, பிறகு ஜெர்லினுக்கு அம்மை போட்டது, அப்புறம் அந்தோணியார் திருவிழா. இந்தச் செய்தியைச் சொல்ல ஏற்ற நாள் ஒன்று அமையவேயில்லை. இதற்கிடையில் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தப்பே செய்யாத கண் புருஷனுக்காக ஒரு சொட்டுகூட விடவில்லை என்றால் அவர் எங்கோ உயிரோடுதான் இருக்க வேண்டும், ஏதோ கப்பல்காரன் ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார்கள். அந்தக் கண் நடிப்புக்கு மட்டும்தான் அழும் என்பது, வருடா வருடம் பலகையில் பார்த்த ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பங்குச் சாமியாரும் இறந்தவருக்கான முப்பதாம் நாள் பூசையைத் தள்ளிவைத்துவிட்டார்.

அருள்மேரி சனிக்கிழமைதோறும் இன்னாசியின் நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள், தேய்த்து ஆணியில் மாட்டினாள். சோறு வடித்ததும் அவருக்கென்று ஒரு தட்டு வைத்தாள். பாலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பாலத்தில் ரயிலே ஓடாத இரண்டு வருடமும் பஸ் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தாள். ஜெர்லின் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கச்சிமடத்து ஆன்டோ அவளைக் கேட்டு வந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது, ஆனால் அய்யா வந்து கைபிடித்துக் கூட்டிப்போகாமல் கோயில் படி ஏற மாட்டேன் என்றுவிட்டாள். நான்கு வருடம் பொறுத்த ஆன்டோ வீட்டார், ஈஸ்டருக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றுதான் அருள்மேரி வாயைத் திறந்தாள். "அய்யா செத்துட்டாருடி. அன்னைக்கே செத்துட்டாரு."

ஜெர்லின் கிட்டத்தில் வந்து முகத்தைப் பார்த்தாள். "கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகணும்னு இப்படியாம்மா சொல்லுவ?"

அருள்மேரி சகாயவினோத்தைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தவனுக்கு என்ன தெரியும் என்றாள் ஜெர்லின். அருள்மேரி வெங்காயத்தை நசுக்கிக் கண்ணில் தேய்த்தாள், மிளகாய் வற்றலைச் சுட்டுப் புகையில் முகத்தைக் காட்டினாள், சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். கண் காய்ந்தே கிடந்தது. கட்டிய புருஷனுக்கு அழ வழியில்லாமல் போனவள் அந்தக் கரையிலேயே அவள் ஒருத்திதான். ஒருநாள் இடுப்பளவு கடலில் இறங்கிவிட்டாள். சட்டை கொடியில் கிடப்பது நினைவு வந்து திரும்பினாள்.

விருது விழா நெருங்கியது. நுஃமான் தன் பெரிய போனைக் கொண்டுவந்து எல்லாப் படத்தையும் போட்டுக் காட்டினார். லாரி டிரைவராக நடித்த ஒருவருக்கு இடது கண் நனைந்தது. நான்கு நடிகைகள் மாறி மாறி அழுதும் வலது கண் அசையவில்லை. நுஃமான் பலகையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். அடுத்த சனிக்கிழமை அருள்மேரி பழக்கத்தில் சட்டையைத் தேய்த்து மாட்டினாள். அதே பழக்கத்தில், "அய்யா நாளைக்கு வந்தாலும் வருவாரு" என்றாள். எதிரே பீரோக் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வலது கண் ஒழுக ஆரம்பித்தது. இடது கண் சும்மா இருந்தது. நீர் கழுத்தில் இறங்கி, சேலையை நனைத்து, தரையில் தேங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்ற ஜெர்லின், எப்போதும் செய்வதுபோல, யார் முகம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அம்மாவின் முகம்தான் இருந்தது.

"எத்தன வருசமாம்மா?"

"ஆறு."

ஜெர்லின் ஆஸ்பத்திரிப் பையை இறக்கி வைத்தாள். அய்யாவின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு தானே கடைக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள். நுஃமான் முழுப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

விழாவில் உறையைப் பிரித்தவர், "சிறந்த நடிகை, அருள்மேரி இன்னாசி, பாம்பன் தெற்குவாடி" என்று வாசித்தார். நான்கு நடிகைகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தத் தொழிலின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். விருதுச் சிலை பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது, நல்ல கனம். கடலில் போனவருக்கு வெறும் பெட்டியில் அவர் சட்டையை வைத்து அடக்கம் செய்வது அங்கே வழக்கம். ஆறு வருடம் துவைத்த சட்டையை ஆணியிலிருந்து எடுத்தபோது கையோடு நூலாக வந்துவிட்டது. அதனால் சிலையை வைத்தார்கள். முன்னால் தூக்கிய சகாயவினோத் இன்னாசி அண்ணன் கனம் சரியாக இருக்கிறது என்றான். முப்பதாம் நாள் பூசை முடியட்டும், அம்மாவே கைபிடித்துக் கூட்டிவரட்டும் என்று ஆன்டோ வீட்டார் சம்மதித்தார்கள்.

குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டபோது அருள்மேரிக்கு இரண்டு கண்ணிலும் ஒன்றாகத் தண்ணீர் வந்தது. ஜெர்லின் பழக்கதோஷத்தில் அம்மா பார்த்த பக்கம் பார்த்தாள். அங்கே யார் முகமும் இல்லை, பெட்டி மூடி மட்டும் தெரிந்தது. நுஃமான் கல்லறைத் தோட்டத்திலிருந்து கடைக்குத் திரும்பி, பலகையைத் துடைத்து, அன்றைய நண்டு விலையை மட்டும் எழுதினார்.