நடுவில் ஓர் இடம்

எங்கள் ஊரில் ஒரு பையனும் பெண்ணும் காதலிக்கிறார்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கார் மெயின் தெருவில் போகும்போது முன் சீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் முன்னால் ஒரே நீளச் சீட்டுதான். பெண் ஜன்னலோரம் இருந்தால் வெறும் பழக்கம். ஓட்டுகிறவன் தோளை ஒட்டி நடுவில் இருந்தால் முடிந்தது விஷயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருவதற்குள் இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் வேறு மாதிரி விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

எனக்கு வந்த சிக்கல், கார் என்னுடையது.

அப்பாவின் சித்தப்பா அலாய்ஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவர். கோவிலுக்கும் தபாலாபீசுக்கும் தவிர அந்தக் காரை எடுத்ததில்லை. அவர் இறந்தபோது அது எங்கள் களஞ்சியக் கொட்டகைக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. அதனால் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம், 1971 செப்டம்பரில், கான்சஸின் மேற்குக் கோடியில், என்னைவிட வயதில் மூத்த ஒரு கறுப்புக் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 1949 மாடல். எங்கள் நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம்; கியரும் அதிலேயே இருக்கும். இரண்டாவது கியருக்குப் போகும்போது நடுவில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அந்த ஒரு மூச்சு என் கைக்குப் பழகிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் சுமார், பாட்டு வகுப்பில் மோசம். இந்தக் காரை ஓட்டும்போது மட்டும்தான் நான் எதிலும் தப்புச் செய்யாதவள்.

மார்வின் லைகரின் பண்ணை எங்களுக்கு வடக்கே. சோள அறுவடை வந்ததும் அவர்கள் வீட்டு வண்டி முழுக்கத் தானியம் ஏற்றப் போய்விட்டது. அதனால் காலையில் தபால்பெட்டி அருகே நிற்பான். நான் போய் ஏற்றிக்கொள்வேன்.

"என்ன டிரைவரம்மா, இன்னிக்கு லேட்டு?"

"கார் எந்திரிக்கல. வயசாச்சுல்ல, உங்க அப்பா மாதிரி."

"எங்க அப்பா எந்திரிச்சிடுவாரு. எங்களைத்தான் தூங்க விடமாட்டாரு."

ஏறுவான். ஜன்னலோரம் உட்காருவான். அவனுக்கும் எனக்கும் நடுவில் அலாய்ஸ் தாத்தா காலத்துச் சாம்பல் நிறச் சீட்டு, இன்னொரு ஆள் தாராளமாக உட்காருகிற அகலத்துக்குக் காலியாகக் கிடக்கும். என் புத்தகங்களைக்கூட அங்கே வைக்கமாட்டேன். பின் சீட்டில் போட்டுவிடுவேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவன் அங்கே வந்து உட்கார வேண்டும். நான் ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் சிநேகிதி ஜோலீனிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். கறியும் முட்டைக்கோஸும் அடைத்த பீராக் ரொட்டியைக் கடிக்கப் போனவள், கடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஆம்பள நடுவுலயா? பைத்தியமாடீ உனக்கு?"

"ஏன், உக்காந்தா என்ன?"

"அவன் காலுக்கு அங்க இடமே கிடையாது, அது ஒண்ணு. அடுத்த நாள் அவனோட ஃபுட்பால் டீம் பசங்க அவனுக்குப் பாவாடை தைச்சுக் குடுத்துருவானுங்க, அது ரெண்டு. சாவிய அவன்கிட்ட குடு. நீ நகரு. எல்லாரும் அப்படித்தான பண்றோம்?"

"கார் என்னோடது, ஜோலீன்."

"காரைக் கட்டிக்கிட்டு அழு, போ. என் ஆளு டக் புதுசா கார் வாங்கியிருக்கான் பாரு, முன்னாடி ரெண்டு தனித்தனி சீட்டு. நடுவுல கியர் கம்பு. நான் அதுமேலயா உக்காருவேன்? எனக்கு வந்த சோதனைய விடவா உனக்கு?"

அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம், அறுவடை இயந்திரம் ஒன்று தார் ரோட்டை அடைத்துக்கொண்டு போனதால், சரளைக்கல் பாதை வழியாகத் திரும்பினோம். மார்வின் பக்கத்துக் கண்ணாடி முழுசாக மேலே ஏறாது. குளிர்காற்று அந்த இடுக்கில் விசில் அடித்தது.

"இந்தப் பக்கம் காத்து கிழிக்குது," என்றான்.

"துண்டு எதாச்சும் வச்சு அடை."

"துண்டு இல்ல."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு சீட்டுத்துணி உரசும் சத்தம் கேட்டது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முழங்கால் ரேடியோவை இடித்தது. அவன் தோள் என் தோளில் பட்டது. சோளத்தூசியும் சோப்பும் கலந்த வாசனை.

"இங்க பரவால்ல," என்றான், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி.

கியர் போடக் கை இறங்கும்போது என் முழங்கை அவன் விலாவில் உரசியது. அந்தப் பாதைக்குத் தேவையே இல்லாத அளவுக்கு நான் கியர் மாற்றினேன். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அறுத்த நிலம் வானம்வரை போய்க்கொண்டிருந்தது. ரோடு முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே அதன் புழுதி வந்துவிடும். தொலைவில் மஞ்சளாக ஒரு கோடு எழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சொல்லவில்லை. அவனும் பார்த்தான். சீட்டுத்துணி மறுபடி உரசியது. எதிர் வண்டி ஒரு புள்ளியாகத் தெரிவதற்குள் அவன் ஜன்னலுக்குப் போய்விட்டான்.

வந்தது கிழவர் ரோர். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். நானும் தூக்கினேன். மார்வினும், பிடிப்பதற்கு ஸ்டியரிங் இல்லாததால், முழங்காலிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான்.

புழுதி அடங்கியது. அவன் திரும்பி வரவில்லை.

"காத்து கிழிக்குதுன்ன?"

"இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு." காது சிவந்திருந்தது. பிறகு சட்டென்று, "கொலெட், வெள்ளிக்கிழமை மேட்ச் முடிஞ்சு எல்லாரும் மெயின் தெருவுல சுத்துவாங்கல்ல. அன்னிக்கு நான் ஓட்டட்டுமா? நீ இங்க..." என்று சீட்டின் நடுவைத் தட்டினான். "எல்லாருக்கும் தெரியட்டும்."

எந்தப் பெண்ணும் காத்திருக்கிற பேச்சு அது.

"நான் ஓட்டறேனே. நீ அங்க உக்காரு."

"எங்க?"

"இப்ப உக்காந்திருந்தியே."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். "ஏய், இங்க யாரும் இல்ல. அங்க ஊரே நிக்கும்."

"சரி, யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். ஒரு வாரமாக அவன் கேட்க மாட்டானா என்று ஏங்கியவள், யோசிக்கிறேன் என்கிறேன்.

வியாழக்கிழமை கொட்டகைக்குள் போய், நிறுத்தியிருந்த காரில், நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கார்களின் முன் கண்ணாடி இரண்டு துண்டு. நடுவில் ஒரு கம்பி. அது நேராக என் மூக்குக்கு எதிரே நின்றது. என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடியது. கீழே வெறும் மேடுதான் தட்டுப்பட்டது. அப்பா தீவன வாளியோடு வந்தார்.

"அங்க உக்காந்து என்னம்மா பண்ற?"

"பாக்கறேன்ப்பா."

"என்ன தெரியுது?"

"கம்பி."

அவர் வாளியைக் கைமாற்றிக்கொண்டார். "லைகர் வீட்டுப் பையனுக்கு இதோட ரெண்டாவது கியர் தெரியுமா?"

"தெரியாது."

"ம்," என்று சொல்லிவிட்டு மாடுகளிடம் போனார்.

எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. மேட்ச் மதியமே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை தோற்றோம். ஆனாலும் எல்லோரும் கார்களில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மார்வின் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். நேராக என் பக்கத்துக் கதவுக்கு வந்து, கைப்பிடியில் கை வைத்தான்.

"நகரு, டிரைவரம்மா."

அவ்வளவு மென்மையாகச் சொன்னான். நான் நகர்ந்துகூடப் பார்த்தேன், ஒரு கையகலம். உடம்பு போனது, கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. பக்கத்துக் காரில் ஜோலீன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு 'நகருடீ' என்று வாயசைத்தாள்.

"மார்வின், அந்தப் பக்கமா ஏறு."

"கொலெட்..."

"ஏறேன். ப்ளீஸ்."

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். அவன் டீம் பையன்கள் ஒரு வண்டியின் பின்னால் நின்று, "லைகர், வாடா, இடமிருக்கு!" என்று கூப்பிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். பிறகு காரின் முன்பக்கமாகச் சுற்றி, மெதுவாக நடந்து வந்து, மறுபக்கக் கதவைத் திறந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மெயின் தெருவுக்குள் காரை விட்டேன். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. நடைபாதையில் நின்றவர்கள் எங்கள் சீட்டைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அடுத்த காரைப் பார்த்தார்கள்.

தானியக் கிடங்கின் அருகே தெரு வலது பக்கம் வளைகிறது. அந்த வளைவை வேகமாக எடுத்தால், வழுவழுப்பான சீட்டில் பக்கத்தில் இருப்பவர் தானாக ஓட்டுகிறவர்மேல் வந்து சரிவார். பையன்கள் எல்லோரும் பெண்களிடம் செய்கிற வேலைதான். எனக்கு முன்னால் போன கார் கீச்சென்று திரும்பியது, உள்ளே ஒரு பெண் சிரித்தாள்.

நான் பிரேக்கில் கால் வைத்து, மெதுவாகத் திரும்பினேன்.

மார்வின் அதைக் கவனித்தான் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன், இடது கையைத் தூக்கிச் சீட்டின் முதுகின் மேல் நீளமாகப் போட்டான். விரல்கள் என் தோளை நோக்கி வந்து, ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டன. கை அவ்வளவுதான் எட்டியது.

தெரு முடிந்தது.

"வீட்டுக்கா?" என்றேன்.

"இன்னொரு சுத்து போயேன்," என்றான், கையை எடுக்காமல்.

போனேன்.