வெறுங்காலுக்கு வைத்த கியர்

1.
இந்தக் கதை சிம்மக்கல்லில் ஒரு பைக் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. கண்ணாடி வாங்கப் போன இடத்தில், ஒரு பெண் அகலமான ஃபுட்ரெஸ்ட் ஒன்றைத் தரையில் வைத்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் தெரியாது. தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். ஊர், எழுமலை.

(முதல் வரி 'புழுதி பறக்க...' என்றிருந்தது. பைக் கதை எல்லாமே அப்படித்தான் தொடங்குகிறது, விட்டுவிட்டேன்.)

2.
காட்டுப்பாதையில் பைக் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஆளெடுக்கிறது. வறண்ட கண்மாய்க்குள் வண்டிமேல் நின்றபடியே ஓட்டிக் கரையேறினால் பயிற்சியாளர் வேலை. தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் எடுத்துச் சலித்த தமிழ்ச்செல்விக்கு அது வேண்டும். கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

மெக்கானிக் நல்லகாமன் புது ஃபுட்ரெஸ்டை மாட்டினார். அவர் பட்டறை முனியாண்டி கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. காலணியோடு யாரும் போவதில்லை. அவளும் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு வண்டிமேல் ஏறி நின்றாள். அவள் காலுக்குத் தோதாக கியர் லிவரை வைத்தார்.

3.
சனிக்கிழமை கண்மாயில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாம் கியருக்கு லிவரைத் தூக்கப் போனால், பூட்ஸ் முனை அதற்கு அடியில் நுழையவில்லை. முதல் கியரிலேயே வண்டி அலற, என்னவென்று குனிந்தவள் விழுந்தாள்.

ஊர் மணத்துக்காகத்தான் கோயிலை வைத்தேன். அளவெடுத்தது வெறுங்காலுக்கு என்பது எனக்கே இங்கு வந்துதான் உறைத்தது. கதையிலிருந்து கோயிலை அடித்துவிட்டால்...

வேண்டாம். நல்லகாமன் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

4.
நொண்டியபடி வந்து கோயில் வாசலில் நின்றாள். பூட்ஸ் இல்லாமல் அளக்க முடியாது, பூட்ஸோடு உள்ளே வர முடியாது என்றாள்.

(வண்டியை வெளியே தள்ளலாமே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் வண்டியை நேராக நிறுத்தும் ஸ்டாண்டு பட்டறைத் தரையோடு பதித்தது.)

நல்லகாமன் கொஞ்சநேரம் முனியாண்டியைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, பூட்ஸைத் தட்டித் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சக்கரமும் தெருவ மிதிச்சுட்டுத்தான உள்ள வருது? இதுவும் வண்டிச் சாமான்தான் தாயி. மேல ஏறி ஒக்காந்து மாட்டிக்க."

தரையில் படாமல் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் லிவரைக் கழற்றி, அது மாட்டும் தண்டில் ஒரு பல் மேலே ஏற்றி முடுக்கினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

5.
முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஏறுகிறாள். இன்னொன்றில் உச்சிக்கு முன்னால் இஞ்சின் நின்று, மறுபடி உதைத்து... இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஞாயிறு காலை. கரையடியில் தமிழ்ச்செல்வி எழுந்து நிற்கிறாள். பூட்ஸ் முனை லிவருக்கு அடியில் நுழைந்துவிட்டது. அதுவரைதான் என் வேலை. கரை இதோ எதிரே இருக்கிறது. ஆக்சிலேட்டரை நீங்கள் முறுக்குங்கள்.