லீவு மாத்திரை

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்குக் கோயம்புத்தூரில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். வலிக்கென்று மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் மனுஷனை லயத்து வீட்டில் படுத்திருக்க விட்டார்களா? எங்கள் எஸ்டேட்டில் டிஸ்பென்சரிக்கு வந்து, கம்பவுண்டர் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினால்தான் சிக் லீவு. விழுங்காதவன் நடிக்கிறான் என்று அர்த்தம். காய்ச்சலானாலும் கால் முறிந்தாலும் அதே வெள்ளை மாத்திரைதான். தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் காலையும் மாலையும் டிஸ்பென்சரிக்குத் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறினார்.

என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் கேக்குங்க, முழுங்குங்க" என்றார் கம்பவுண்டர்.

கண் மஞ்சளாகிச் சாப்பாடு இறங்காமல் போனதும் மறுபடி கோயம்புத்தூருக்கு ஓடினோம். டிஸ்பென்சரி மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் என் மேல் பாய்ந்தார்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா! நாங்க குடுத்ததுக்கு மேல இதையும் போட்டா ஈரல் எப்படித் தாங்கும்?"

வேறு மாத்திரை சாப்பிடக் கூடாதென்று அனுப்பும்போது ஒரு வார்த்தை சொன்னாரா இந்த டாக்டர்?

அவரை அங்கே படுக்கையில் விட்டுவிட்டு, ஊருக்கு வந்த கையோடு டிஸ்பென்சரிக்குள் நுழைந்து கத்தினேன். "உங்க மாத்திரையாலதாங்க அவருக்கு ஈரல் கெட்டுப்போச்சு! ஆஸ்பத்திரியில கெடக்குறாருங்க!"

கம்பவுண்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மஞ்சக்காமாலைக்கும் லீவு உண்டுங்க. அவரை வந்து மாத்திரையை முழுங்கச் சொல்லுங்க, எழுதித் தர்றேன்."