அரைமூட்டை தூக்கிய பஸ்

ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டரில் ஒரு முகம் நீல உடையில் சிரித்துக்கொண்டிருக்க, அந்த முகத்தின் சொந்தக்காரன் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, காலைக் காட்சிக்கு வந்து தியேட்டரின் கடைசி வரிசையில் கோழி திருடியவன்போல் பதுங்கியிருந்தான். படம் ஓடுமா ஓடாதா என்ற கவலை தயாரிப்பாளருடையது. இவன் கவலை நாலு வரிசைக்கு முன்னால், சுமைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு, சோளப்பொரியை மென்றபடி உட்கார்ந்திருந்தது.

அது அவனுடைய அக்கா.

சிமெண்ட் குடோனில் மூட்டை ஏற்றி இறக்கும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் 'ம்' என்றால் லாரி நகரும், 'ம்ஹும்' என்றால் முதலாளியே நகர மாட்டார். தம்பிக்கு 'அரைமூட்டை' என்று பெயர் வைத்ததும் அவள்தான். முதல் முதலாக அவன் தூக்கிய மூட்டை அடியில் கிழிந்திருந்தது. லாரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சிமெண்ட் வழியெல்லாம் கோலம் போட்டுவிட்டது. 'பாரம் குறையுதே, நமக்குப் பலம் ஏறிடுச்சு போல' என்று நினைத்தானாம். அன்றைக்கு ஒட்டிய பெயர், எத்தனை லாரி தூக்கியும் உதிரவில்லை.

அவன் நடிகனானது இன்னும் பெரிய கூத்து. ஒரு சினிமா செட்டுக்கு மூட்டை இறக்கப் போயிருந்தான். அங்கே, பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் ஆகாசவீரனாக நடிக்க வேண்டியவர் கோபித்துக்கொண்டு போயிருந்தார். அவர் அளவுக்குத் தைத்த நீல உடை மட்டும் ஆணியில் தொங்கியது. இன்னொன்று தைக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை என்று தையற்காரர் ஒற்றைக் காலில் நின்றார். ஆகவே கதைக்கு ஆள் தேடுவதை விட்டுவிட்டு உடைக்கு ஆள் தேடினார்கள். மூட்டையோடு போனவனைத் தையற்காரர் நிறுத்தி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தார்.

"தோள் சரி. மார்பு சரி. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கும். குனியாம நடி, போதும்."

அன்று மாலை குடோன் வாசலில் சேதியைச் சொன்னபோது அக்கா கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

"பஸ்ஸத் தூக்கப் போறியா? நீயா?"

"ஆமாக்கா. தலைக்கு மேல."

"அரை மூட்டையவே பெருமூச்சு விட்டுத் தூக்கினவன்."

"விடுடி," என்றார் மச்சான். அக்காவின் வீட்டுக்காரர், லாரி டிரைவர், வாய் மட்டும் பிரேக் பிடிக்காது. "சினிமாவுல பஸ் ஓட்டத் தெரியாதவன் ராக்கெட்டே ஓட்டுறான். இவன் தூக்கினா என்ன?"

அக்கா சிரிக்கவில்லை. "இங்க பாருடா. நாம தூக்கிப் பொழைக்கிறவங்க. பாரம் தூக்குறத எவனாவது பொய்யாப் பண்ணா எனக்கு அடிவயிறு எரியும். முதல் ஆட்டமே வந்து பார்ப்பேன். பொய்னு பட்டுச்சு, பாதியில எந்திரிச்சுப் போயிடுவேன். மறுநாள் காலையில நீ இங்க மூட்டைக்கு நிக்கணும். சரியா?"

கனவில் மிதந்துகொண்டிருந்தவன் அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்துவிட்டான். அந்த வீட்டில் கையடித்தது அடித்ததுதான். செத்தாலும் மாற்றமில்லை.

அந்தக் கைதான் இப்போது குல்லாவுக்குள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்துக்கும் அவனைக் கேட்டிருந்தார்கள். சரி என்று சொல்வதா, மூட்டைக்குப் போவதா என்பது அக்காவின் இருக்கையில் இருந்தது.

திரையில் ஆகாசவீரன் பறந்தான். "கயிறு தெரியுது பாரு," என்றார் மச்சான். தெரியவில்லை, ஆனாலும் சொன்னார். நெருப்புக்குள் புகுந்தான். "துணி சுருங்கப் போகுதுடா," என்றார். குடோன் கூட்டம் குலுங்கியது. அக்கா மட்டும் மென்றுகொண்டே இருந்தாள். சொன்னால் சொன்னபடி, பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள்.

பஸ் வந்தது. பாலத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளோடு சரிந்தது. ஆகாசவீரன் அடியில் புகுந்து இரண்டு கையாலும் ஏந்தினான்.

கடைசி வரிசைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த பஸ்ஸைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? முழுக்க மெத்தைக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் பறந்துவிடும் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் தடவை பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துத் தூக்கினான். பஸ் விளக்குக் கம்பத்தில் போய் மாட்டிக்கொண்டது. இறக்க ஏணி வந்தது. அப்புறம் மெல்லத் தூக்கினான், தலையணை உறை மாற்றுகிறவன்போல் இருந்தது. இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தம்பி, முகத்துல பாரம் தெரியணும்பா."

"பாரமே இல்லையே சார்."

"அதுக்குத்தான்பா நடிப்புன்னு பேரு."

அது சரியான பேச்சுதான். அவனுக்குத்தான் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கடைசி முயற்சி. பஸ்ஸைத் தலைக்கு மேல் ஏந்தி, காலை அகட்டி ஊன்றினான். பின்னால் 'டர்ர்' என்றது.

மின்விசிறிச் சத்தத்தில் அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. உடையின் பின்தையல், மேலிருந்து கீழ்வரை, அறுவடை முடித்த வயலாகத் திறந்துகொண்டது. பின்னாலே காப்பாற்றப்பட்ட பொதுஜனமாக ஒரு பெருங்கூட்டம் நின்றது. கை இரண்டும் பஸ்ஸில். மறைக்க, ஆகாசவீரனின் தோளிலிருந்து தொங்கும் முதுகுத் துணி ஒன்றுதான், அதுவும் காற்றில் பறந்தது. அவனுக்குப் பல் கிட்டித்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அங்குலம் அங்குலமாக ஒரு முட்டியை மடக்கித் தரையில் ஊன்றினான். துணி வந்து மானத்தை மூடியது.

இயக்குநர் அழுதுவிட்டார். ஓடி வந்து எழுப்பினார். இவன் எழவில்லை. "எந்திரிக்க மாட்டேன் சார்," என்றான் கெஞ்சலாக. "பாத்திரத்துலேயே இருக்கான்பா, யாரும் தொடாதீங்க," என்று இயக்குநர் எல்லோரையும் ஓசைப்படாமல் வெளியே அனுப்பினார். தையற்காரர் மட்டும் போகவில்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். "குனியாதேன்னு சொன்னேனா இல்லையா?" அவர் தைத்து முடித்த பிறகுதான் பஸ்ஸோடு எழுவதை எடுத்தார்கள்.

அந்த முகம்தான் இப்போது திரை முழுக்க விரிந்திருந்தது. முட்டி மெல்ல மெல்ல இறங்கியது. தரையைத் தொட்டது.

அக்கா எழுந்தாள்.

முடிந்தது கதை, என்று இவன் இருக்கையில் ஈரத்துணியாகச் சரிந்தான். நாளைக்கு மூட்டை. அடுத்த படம், போஸ்டர், எல்லாம் போச்சு.

ஆனால் அக்கா வாசல் பக்கம் திரும்பவில்லை. துண்டைத் தோளில் போட்டாள். திரையைப் பார்த்து நடந்தாள். நடை ஓட்டமானது.

குடோனில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தின் கீழே இருப்பவன் யாரையும் கூப்பிட மாட்டான், கூப்பிடுவது அவமானம். ஆனால் அவன் முட்டி தரையைத் தொட்டுவிட்டால், கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடித் தோள் கொடுக்க வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி. யோசிப்பதற்கு அதில் இடமே கிடையாது.

"முதுக நிமித்துடா, மூச்ச விட்டுடாத, வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே அக்கா ஓடினாள். அவள் எழுந்தால் கூட்டம் எழாமல் இருக்குமா? வரிசை மொத்தமும் துண்டும் சோளப்பொரியுமாகப் பாய்ந்தது. "தோளக் குடு, தோளக் குடு," என்று மச்சான் யாரோ ஒரு வழுக்கைத்தலைக்காரரையும் இழுத்துக்கொண்டு போனார். அவரும் ஏனென்று கேட்காமல் போனார். அக்கா திரைக்கடியில் போய்த் தோளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தாள். அந்த நொடி பார்த்து ஆகாசவீரன் பஸ்ஸோடு எழுந்தான்.

தியேட்டர் கூரை பிய்ந்துகொண்டது. விசில், கைதட்டல், யாரோ செருப்பைத் தூக்கி எறிந்தார்கள், சந்தோஷத்தில்தான்.

அப்போதுதான் அக்காவுக்குத் தான் நிற்பது எங்கே என்று உறைத்தது. முகத்தில் பஸ் விளக்கின் மஞ்சள் வெளிச்சம். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள்.

படம் விட்டதும் இவன் குல்லாவைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, நாளைக்கு மூட்டைக்கு வரணுமா?"

"எந்திரிச்சேன். போகலையே," என்றாள். பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப என்னடா ஆச்சு உனக்கு? உயிர் போற மாதிரி இருந்துச்சு முகம். அவ்வளவு கனமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அக்காவிடம் முடியவில்லை. காதோடு காதாகச் சொன்னான்.

அவள் சுவர்ப் போஸ்டரில் சிரித்த அவன் முகத்தைப் பார்த்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்றாள் மூச்சு வாங்க. "குடோன்ல என்னை ஒருத்தன் மதிக்க மாட்டான். வா, இன்னொரு தடவ பார்க்கணும்."

அதற்குள் மச்சான் அடுத்த காட்சி வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சட்டம் சொல்லி முடித்திருந்தார். "முட்டி போடுறப்ப எல்லாரும் எந்திரிச்சுத் தோள் குடுக்கணும். அதான் மரியாதை."

அந்தக் காட்சியில் ஆகாசவீரனின் முட்டி தரையைத் தொட்டதும் தியேட்டரே எழுந்து நின்றது. இரண்டே பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா துண்டைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வழியத் தம்பியின் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தம்பி வலியில் பல்லைக் கடித்தான். திரையில் இருந்த அதே முகம்.